நம்பகம் காரிலா, காரை வைத்திருப்பவனிலா?

‘நம்பிக்கைக்குரியது’ என்ற சொல்லை நாம் மனிதர்களுக்கும் சொல்கிறோம், பொருள்களுக்கும் சொல்கிறோம். “அவர் நம்பிக்கையானவர், பணத்தைக் கொடுத்து வைக்கலாம்” என்கிறோம். “அது நம்பிக்கையான வண்டி, எவ்வளவு தூரமும் போகலாம்” என்றும் சொல்கிறோம். சொல் ஒன்றுதான், பொருளும் ஒன்றுதானா? மனிதனின் நாணயம் அவன் உள்ளத்தில் இருக்கிறது. அதைப் பற்றி அவன் நாளை விசாரிக்கப்படுவான். இரும்புக்கும் ரப்பருக்கும் உள்ளமும் இல்லை, கேள்வி கணக்கும் இல்லை. அப்படியானால் ஒரு வண்டியின் நம்பகம் என்று நாம் சொல்வது உண்மையில் யாருடைய நாணயம்?

இந்தக் கேள்வியை ஆராய்வதற்குப் பழைய ஸ்போர்ட்ஸ் காரைவிடப் பொருத்தமான உதாரணம் இல்லை எனலாம். நம் வாசகர்களின் வீட்டு வாசலில் இத்தகைய கார் நிற்பது அபூர்வம். ஆயினும் வளைகுடா நாடுகளிலும், ஐரோப்பா, அமெரிக்காவிலும் தொழில் செய்யும் நம் இளைஞர்களின் கண்ணில் இது அன்றாடம் படுகிறது. இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் செல்வந்தர்கள் மட்டுமே தொட முடிந்த ஜெர்மானிய, இத்தாலிய கார்களில் பல, சில ஆண்டுகள் கழிந்ததும் ஒரு சாதாரணப் புதிய குடும்பக் காரின் விலைக்கே விற்பனைக்கு வந்துவிடுகின்றன. “இந்த விலைக்கு இதுவா!” என்று மனம் தாவுகிறது. தாவும் மனத்தைச் சற்றே பிடித்து நிறுத்தி, இந்த உடைமையோடு என்னென்ன பொறுப்புகள் வருகின்றன என்பதைப் பார்ப்போம்.

விலை இறங்கும், செலவு இறங்காது

முதலில் அந்த வண்டியின் இயல்பை அறிய வேண்டும். பெராரி நிறுவனம் 1994 முதல் 1999 வரை தயாரித்த எஃப் 355 என்ற காரை எடுத்துக்கொள்வோம். அதன் என்ஜின் மூன்றரை லிட்டர், எட்டு சிலிண்டர்கள், ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்து வால்வுகளாக மொத்தம் 40 வால்வுகள். நிமிடத்திற்கு 8,500 சுற்றுகள் வரை அது சுழலும். அதாவது ஒரு விநாடிக்குள் ஒவ்வொரு பிஸ்டனும் 140 தடவைக்கு மேல் ஏறி இறங்குகிறது. இந்த ஓட்டத்திற்கு ஏற்ப வால்வுகள் உரிய கணத்தில் திறந்து மூட வேண்டும். அந்த ஒழுங்கைக் காப்பது ரப்பரால் ஆன பெல்ட். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று மோதும், என்ஜின் பாழாகும்.

ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்தப் பெல்ட்டை மாற்றியாக வேண்டும். ஆனால் அது இருக்கும் இடமோ இருக்கைகளுக்குப் பின்னால், என்ஜினின் முன்பக்கத்தில், கை நுழைய முடியாத இடுக்கில். எனவே என்ஜினையும் கியர்பெட்டியையும் சேர்த்து வண்டியிலிருந்து கீழே இறக்கித்தான் மாற்ற வேண்டும். பல ஆயிரம் டாலர் செலவாகும் வேலை இது. பின்னர் வந்த 360 மொடேனா காரில் இருக்கைக்குப் பின்னால் ஒரு மூடியைத் திறந்தே இந்த வேலையைச் செய்ய வழி வைத்தார்கள். 2004-ல் வந்த எஃப் 430 காரில் பெல்ட்டையே விட்டு, சங்கிலிக்கு மாறினார்கள். ஆனால் பழைய காரை வாங்கியவர் பழைய காரின் கணக்கையே கொடுத்தாக வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். காரின் சந்தை விலை பாதியாகலாம், கால்பங்காகவும் ஆகலாம். ஆனால் அதன் உதிரி பாகங்களின் விலையும், அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த தேர்ந்த தொழிலாளியின் கூலியும் இறங்குவதில்லை. அவை அந்தக் கார் புதிதாக இருந்தபோது எந்தத் தரத்தில் இருந்தனவோ அந்தத் தரத்திலேயே நிற்கும். ஆண்டு செல்லச் செல்ல ஏறவும் செய்யும். வாங்கும்போது கொடுப்பது வாசல் கட்டணம் மட்டுமே. யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்று நம் முன்னோர் கேட்டதில் இந்தப் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. யானை இலவசமாகக் கிடைத்தாலும் தீனி இலவசமாகக் கிடைக்காது.

“நான் ஓட்டவே இல்லை”

விற்பனைக்கு வரும் கார்களின் விளம்பரங்களில் பெருமையோடு கூறப்படும் ஒரு வாசகம், “மிகக் குறைவாக ஓடியது” என்பது. கேட்பவர் மனமும் அதில் மயங்குகிறது. ஆனால் பட்டறை அறிந்தவர்கள் இதை ஐயத்தோடுதான் கேட்பார்கள். ரப்பருக்கு வயது ஓட்டத்தால் மட்டும் ஆவதில்லை, காலத்தாலும் ஆகிறது. பெல்ட்டும், தண்ணீர்க் குழாய்களும், எண்ணெய் கசியாமல் காக்கும் சீல்களும் வண்டி நின்ற இடத்திலேயே காய்ந்து வெடிக்கும். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தைச் சிறுகச் சிறுக உறிஞ்சிக்கொள்ளும் தன்மையுடையது. ஈரம் கலந்த திரவம் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும்; கொதித்தால், மிதிக்கும்போது பிரேக் பிடிக்காமல் போகும். இதனால்தான் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்கிறார்கள்.

ஒரு பொருளைப் பயன்படுத்தாமல் பூட்டி வைத்திருப்பதே அதைப் பேணுவது ஆகிவிடும் என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை இதிலிருந்து அறியலாம். பேணுதல் என்பது ஒரு செயல். செய்யாமலிருப்பதற்குப் பேணுதல் என்று பெயரில்லை.

பிறருடைய உயிர்

இத்தகைய காரை வைத்திருப்பவர், “என் பணம், என் வண்டி, பழுதானால் எனக்குத்தானே நஷ்டம்” என்று கூறலாம். அது சரியா?

2013 நவம்பர் 30 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நடந்த விபத்தை உலகமே அறியும். நடிகர் பால் வாக்கரும், காரை ஓட்டிய அவருடைய நண்பரும் அதில் உயிரிழந்தார்கள். கார், போர்ஷ் நிறுவனத்தின் கரேரா ஜிடி என்ற அதிவேக வண்டி. மணிக்கு 45 மைல் என்று வரையறுத்த சாலையில் அது 80 முதல் 93 மைல் வேகத்தில் சென்றது என்றும், அந்த வேகமே விபத்துக்குக் காரணம் என்றும் விசாரணை அதிகாரிகள் 2014-ல் அறிவித்தார்கள். இயந்திரக் கோளாறு எதுவும் காணப்படவில்லை. ஆனால் டயர்கள் ஒன்பது ஆண்டுப் பழையவை என்பதையும், அதனால் வண்டியின் கட்டுப்பாடு பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்பதையும் அவர்கள் குறிப்பிட்டார்கள்.

வேகம்தான் குற்றவாளி, அதை மறைப்பதற்கில்லை. எனினும் டயரைப் பற்றிய அந்தக் குறிப்பு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. டயரின் பக்கவாட்டில், அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2304 என்றிருந்தால் 2004-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் என்று பொருள். குனிந்து பார்த்தால் தெரியும். குறைவாக ஓடும் காரின் டயரில் கோடுகள் ஆழமாகவே இருக்கும். கண்ணுக்குப் புதிது போலவே தோன்றும். ரப்பரோ இறுகிப்போய்ப் பிடிப்பை இழந்திருக்கும். தேயாததை ஏன் மாற்ற வேண்டும் என்ற சிக்கன எண்ணம் இங்கே உயிரோடு விளையாடுகிறது.

வயிறு ஒட்டிய ஒட்டகம் ஒன்றைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், வாய் பேசாத அந்தப் பிராணிகளின் விஷயத்தில் இறைவனை அஞ்சும்படி எச்சரித்ததை நாம் அறிவோம். வண்டிக்கு உயிரில்லை, அதற்குப் பசியில்லை, ஆகவே பிராணிக்குரிய ஹக்கு அதற்கு இல்லை. ஆனால் அதில் ஏறி அமரும் மனைவி மக்களுக்கு ஹக்கு உண்டு. சாலையில் நடந்து செல்லும் முன்பின் அறியாத மனிதருக்கு ஹக்கு உண்டு. சாதாரணக் காரில் பிரேக் சற்று மந்தமாக இருந்தால் அது ஒரு குறை. முந்நூறு, நானூறு குதிரைசக்தி கொண்ட காரில் அதே குறை பிறருடைய உயிருக்கு வைத்த பொறி. ஆற்றல் கூடக்கூடப் பொறுப்பும் கூடுகிறது. எனவே “எனக்குத்தானே நஷ்டம்” என்ற வாதம் நிற்காது.

எல்லாவற்றுக்கும் அஞ்சுவதா?

இதற்கு நேர் எதிரான மனநிலையும் உண்டு. எங்கோ ஒரு குறையைக் கேள்விப்பட்டதும், அந்த வகைக் கார் முழுவதையும் வெறுத்து ஒதுக்குவது அது.

போர்ஷ் நிறுவனம் 1996-ல் வெளியிட்ட பாக்ஸ்டர் காரிலும், 1997-ல் வெளியிட்ட புதிய 911 காரிலும், தண்ணீரால் குளிர்விக்கப்படும் ஒரு புது வகை என்ஜினைப் பொருத்தியது. அந்த என்ஜினுள் ஓர் இடைத்தண்டு உண்டு. அதன் ஒரு முனையை, மூடி முத்திரையிடப்பட்ட ஒரு சிறு பந்து பேரிங் தாங்குகிறது. உள்ளே இருக்கும் கிரீஸ் நாளடைவில் கெட்டு, பேரிங் உடைந்தால், வால்வுகளின் ஒழுங்கு குலைந்து என்ஜின் முழுவதும் வீணாகும். கைக்குள் அடங்கும் ஓர் உதிரி பாகம், காரின் விலைக்கு ஈடான நஷ்டத்தை உண்டாக்கிவிடும். இது தொடர்பாக அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கு 2013-ல் சமரசத்தில் முடிந்தது. 2009 மாடல் முதல் வந்த புதிய என்ஜின்களில் அந்த இடைத்தண்டே இல்லை.

இவ்வளவும் உண்மை. ஆனால் பெரும்பாலான கார்களில் அந்தப் பேரிங் உடையவே இல்லை என்பதும் உண்மை. அவை இலட்சம் மைல் கடந்தும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்படியானால் அறிவுள்ளவர் என்ன செய்ய வேண்டும்? “எனக்கு ஒன்றும் ஆகாது” என்று கண்ணை மூடிக்கொள்வது ஒரு வகை. “எப்போது உடையுமோ” என்று இரவெல்லாம் உறக்கம் கெடுவது இன்னொரு வகை. இரண்டும் நமக்குக் கற்பிக்கப்பட்ட வழியல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் இறைவன் மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என்று நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

இந்தக் கார் விஷயத்தில் ஒட்டகத்தைக் கட்டுவது எப்படி? எண்ணெய் மாற்றும்போதெல்லாம் பழைய எண்ணெய் வடிகட்டியை அறுத்துப் பார்த்து, அதில் உலோகத் துகள் இருக்கிறதா என்று ஆராய்வது. கிளட்ச் மாற்றுவதற்காகக் கியர்பெட்டியைக் கழற்றும் சமயத்தில், அதே கூலியோடு அந்தப் பேரிங்கையும் மாற்றிவிடுவது. இவற்றைச் செய்த பின்னும் ஒன்று நேர்ந்தால் அது கத்ரு என்று பொறுத்துக்கொள்ளலாம். இவற்றைச் செய்யாமலிருந்து, நேர்ந்த பின் விதியின் மேல் பழி போடுவது தவக்குல் அல்ல. சோம்பலுக்குத் தவக்குல் என்று பெயர் சூட்டுவதாகும்.

இன்னொரு நுட்பமும் இதில் உண்டு. எந்தக் குறை எந்தக் காரில் வரும் என்பது காலப்போக்கில் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. 2000 முதல் 2006 வரை தயாரான பிஎம்டபிள்யூ எம் 3 காரில் பின்பக்கச் சட்டம் பொருந்தும் தரைத்தகடு விரிசல் விடும். என்ஜினின் கனெக்டிங் ராடு பேரிங்குகள் தேயும். எஃப் 355 காரில் புகைபோக்கிக் குழாய்களின் தலைப்பகுதி வெடிக்கும். இவ்வாறு தெரிந்த குறை, தெரியாத குறையைவிட நல்லது. தன் பலவீனம் எதுவென்று அறிந்தவன் அதைக் காத்துக்கொள்வான். தனக்குப் பலவீனமே இல்லையென்று எண்ணுபவன்தான் எதிர்பாராமல் விழுவான். இயந்திரத்திற்கும் மனிதனுக்கும் இது பொது.

விற்பவனின் நாவு

இனி, இந்தக் கட்டுரையின் மையமான கேள்விக்கு வருவோம். பராமரிக்க முடியாமல் திணறும் ஒருவர் கடைசியில் என்ன செய்கிறார்? விற்றுவிடுகிறார். எப்படி விற்கிறார் என்பதில்தான் அவருடைய தீன் இருக்கிறது.

ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-ல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் பழைய கார் சந்தையையே அவர் உதாரணமாக எடுத்துக்கொண்டார். மோசமான காரை அமெரிக்கர்கள் பேச்சுவழக்கில் ‘எலுமிச்சம்பழம்’ என்பார்கள். கட்டுரையின் தலைப்பிலும் அந்தச் சொல்லே இடம் பெற்றது. அவர் கூறியதன் சாரம் இது: காரின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. தெரியாததால் வாங்குபவன் எல்லாக் காருக்கும் நடுத்தர விலைதான் கொடுப்பான். அந்த விலைக்கு நல்ல காரை விற்க எவருக்கும் மனம் வராது. நல்லவை சந்தையைவிட்டு விலகும். கெட்டவையே எஞ்சும். இந்த ஆய்வுக்காக 2001-ல் வேறு இரு அறிஞர்களோடு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

விற்பவன் ஒருவனுடைய பொய், அவனிடம் வாங்கியவனை மட்டும் ஏமாற்றுவதில்லை. சந்தையில் நிற்கும் நாணயமானவர்கள் அனைவருடைய பொருளின் விலையையும் குறைத்துவிடுகிறது என்பதை அவர் கணக்கால் காட்டினார். நம் மார்க்கம் இதைச் சந்தைக்குள் சென்றே போதித்தது. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்துப் பார்த்த பெருமானார் (ஸல்) அவர்கள், உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டார்கள். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டுக் கண்டித்தார்கள். மழை பெய்தது வியாபாரியின் குற்றமல்ல. ஈரத்தை அடியில் வைத்ததே குற்றம். அதுபோலவே, பேரிங் தேய்ந்தது உரிமையாளரின் குற்றமல்ல. தெரிந்தும் சொல்லாமலிருப்பதே குற்றம்.

கூஃபா நகரில் துணி வணிகம் செய்த இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள், குறையுள்ள ஒரு துணியைக் காட்டி, அதைச் சொல்லியே விற்க வேண்டும் என்று கூட்டாளியிடம் கூறியிருந்தார்கள். அவர் மறந்துபோய்ச் சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. அந்தச் சரக்கில் கிடைத்த பணம் முழுவதையும் இமாம் தர்மம் செய்துவிட்டார்கள் என்று அவர்களுடைய வரலாற்றில் காண்கிறோம்.

இன்றைய கார் வியாபாரத்தில், “உள்ளது உள்ளபடி, எதற்கும் பொறுப்பில்லை” என்று ஒரு வரி எழுதிக் கையொப்பம் வாங்கிவிடுகிறார்கள். குறை கண்டால் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பது பிக்ஹின் பொது விதி. இத்தகைய நிபந்தனை அந்த உரிமையை எந்த அளவு நீக்கும் என்பதில் மத்ஹபுகளிடையே வேறுபாடு இருக்கிறது. விவரத்தை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டறிந்துகொள்ளுங்கள். ஆனால் தனக்குத் தெரிந்த குறையை மறைத்து விற்பது பாவம் என்பதில் வேறுபாடில்லை. என்ஜினைக் கழுவிப் பளபளப்பாக்கி எண்ணெய்க் கசிவை மறைப்பதும், எச்சரிக்கை விளக்கை அணைத்து வைத்துக் காட்டுவதும், ஈரத் தானியத்தின் மேல் காய்ந்த தானியத்தைப் பரப்புவதும் ஒன்றே.

இது வீண்விரயம் அல்லவா?

“இவ்வளவு எதற்கு? இத்தகைய காரே இஸ்ராப் என்று ஒரே வரியில் முடித்துவிடலாமே” என்று சிலர் கேட்கலாம். கேள்வியை நாம் தள்ளிவிடவில்லை. கடன் வாங்கி வாங்கினால், பிள்ளைகளின் படிப்பும் பெற்றோரின் மருந்தும் பின்தள்ளப்பட்டால், பக்கத்து வீட்டார் பார்க்க வேண்டும் என்பதே நிய்யத்தானால், அது விரயமும் பெருமையுமே. காரின் விலை எவ்வளவு குறைந்திருந்தாலும் சரியே. ஆனால் கடமைகளையெல்லாம் நிறைவேற்றிய ஒருவர், தம் வருவாய்க்கு உட்பட்டு, நுட்பமாகச் செய்யப்பட்ட ஒரு பழைய இயந்திரத்தைப் பேணி ஓட்டுகிறார் என்றால், அதைப் பார்த்த மாத்திரத்தில் விரயம் என்று தீர்ப்புக் கூற நமக்கு அதிகாரமில்லை. புதிது புதிதாக மாற்றிக்கொண்டே இருப்பவரைவிட, இருப்பதைப் பழுது பார்த்து வைத்திருப்பவர் சிக்கனக்காரராகவும் இருக்கலாம்.

விரயத்திற்கு இன்னொரு முகமும் உண்டு. நல்ல பொருளை வாங்கிப் பேணாமல் அழியவிடுவதும் விரயமே. பெல்ட் மாற்றும் செலவை மிச்சப்படுத்தி, என்ஜினையே இழந்தவர் சிக்கனம் செய்தாரா, விரயம் செய்தாரா? எனவே கேட்க வேண்டியது, “இதை வாங்க என்னிடம் பணம் இருக்கிறதா?” என்பதல்ல. “வாங்கிய மறுநாள் என்ஜினை இறக்க வேண்டி வந்தால், எவருடைய ஹக்கையும் தொடாமல் என்னால் தாங்க முடியுமா?” என்பதே. முடியாது என்று மனம் சொன்னால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்தக் கார் அவருக்கு விலை உயர்ந்ததே. அதை விட்டுவிடுவதில் இழிவு ஏதுமில்லை.

கைமாறும் அமானிதம்

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இப்போது விடை கூறலாம். இருபது ஆண்டுப் பழைய கார் நான்கைந்து கைகள் மாறி வருகிறது. முதல் உரிமையாளர் என்ஜின் சூடேறும் முன் விரட்டி ஓட்டினாரா, இரண்டாமவர் உரிய காலத்தில் எண்ணெய் மாற்றினாரா, மூன்றாமவர் மலிவான பாகத்தைப் போட்டு மூடினாரா என்பவையெல்லாம் அந்த இரும்புக்குள் பதிந்திருக்கின்றன. ஆகவே ஒரே ஆண்டில், ஒரே தொழிற்சாலையில் பிறந்த இரு கார்களில் ஒன்று நம்பிக்கைக்குரியதாகவும், மற்றொன்று வம்பாகவும் இருக்கக் காண்கிறோம். நாம் வண்டியின் நம்பகம் என்று சொல்வதில் ஒரு பங்கு அதைச் செய்தவர்களுடையது. பெரும் பங்கு அதை முன்பு வைத்திருந்த, முகம் தெரியாத மனிதர்களுடைய நாணயம்.

இதனால்தான் வாங்குபவர், காரின் மினுமினுப்பைவிட அதன் சர்வீஸ் புத்தகத்தையும், பட்டறை ரசீதுகளையும் முதலில் கேட்க வேண்டும். அந்த வகைக் காரிலேயே பழகிய, விற்பவருக்கு வேண்டியவரல்லாத ஒரு மெக்கானிக்கிடம் காட்டிச் சோதிக்க வேண்டும். சோதனைக்கு மறுப்பவரிடம் வாங்காமலிருப்பதே நல்லது. வாங்கிய பின் தாமும் ஒவ்வொரு ரசீதையும் சேர்த்து வைக்க வேண்டும். என்றாவது ஒருநாள் விற்கும்போது, நல்லதையும் கெட்டதையும் அந்த ஏடுகளோடு சேர்த்தே ஒப்படைக்க வேண்டும். விலை சற்றுக் குறையும். குறையட்டும். குறைந்த அந்தத் தொகையில்தான் பரக்கத் இருக்கிறது.

கார் இல்லாத வீடுகளுக்கும் இதில் செய்தி உண்டு. தையல் இயந்திரமானாலும், வாடகை வீடானாலும், வக்ஃபு நிலமானாலும், நம்மிடம் வந்திருப்பது நமக்கு முன்னிருந்தவரின் பேணுதல். நம்மிடமிருந்து போகப்போவது நம்முடைய பேணுதல். எல்லாப் பொருளும் சிறிது காலம் நம் கையில் தங்கிச் செல்லும் அமானிதமே. நமக்குப் பின் அதைப் பெறுபவர் நம் முகத்தைப் பார்த்திருக்கமாட்டார். ஆனால் நாம் எப்படிப்பட்டவர்கள் என்பது அவருக்கு அந்தப் பொருளிலிருந்தே தெரிந்துவிடும். நம்மைத் திட்டாமல், நமக்காக ஒரு துஆச் செய்யும்படி அதை ஒப்படைக்க வல்ல நாயன் நம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக. ஆமீன்.